ஆயிரம் வாட்ஸ் மிக்ஸி வாங்கலாமா?

சென்ற மாதம் கோவையில் எங்கள் கிளைக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரம். மோட்டார் பம்பு பட்டறையில் வேலை செய்யும் ஒரு தோழர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து மேஜைமேல் விரித்தார். அது யூனியன் நோட்டீஸ் அல்ல, கடை நோட்டீஸ். ஆயிரம் வாட்ஸ் மிக்ஸி, நான்கு ஜார், விலை 9,600 ரூபாய், மாதம் 800 வீதம் பன்னிரண்டு தவணை, வட்டி கிடையாது என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"வீட்டிலிருக்கிற மிக்ஸி ஆறு மாசமாப் படுத்துக்கிச்சுங்க. வாங்குனா நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்னு வீட்ல சொல்றாங்க. ஏனுங்க தோழர், வாங்கலாமுங்களா?" என்று கேட்டார்.

அவருடைய மனைவி பஞ்சாலையில் வேலை செய்கிறவர். ஒரு ஷிப்டுக்கு 480 ரூபாய் கூலி. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

உடனே விவாதம் ஆரம்பமாகிவிட்டது. வயதில் மூத்த தோழர் ஒருவர், "நம் தாய்மார்கள் ஆட்டுக்கல்லில் ஆட்டி, அம்மியில் அரைத்துத்தானே நம்மை வளர்த்தார்கள்? அந்த ருசி இதில் வருமா? இதெல்லாம் முதலாளித்துவ ஆடம்பரம்" என்றார். வாலிபத் தோழர் ஒருவர், "காலம் மாறிவிட்டது. தொழிலாளி என்றால் மட்டமான சாமான்தான் வாங்க வேண்டுமா? வாங்குவதே வாங்குகிறோம், பெரிதாகவே வாங்கட்டும்" என்றார். மாதர் சங்கத்துத் தோழர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மூத்த தோழரைப் பார்த்து, "ஏனுங்கண்ணா, நீங்க கடைசியா எப்பங்க ஆட்டுக்கல்லுல மாவாட்டுனீங்க?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். மூத்த தோழரும் சிரித்தார். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. அங்கே இருந்த ஆண்களில் யாரும் அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. நானும் சொல்லியிருக்க முடியாது.

கட்சிப் பத்திரிகையில் மிக்ஸியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். உழைப்பாளி குடும்பத்தின் இருபது நாள் கூலி எங்கே போகிறது என்பதும், உழைப்பாளிப் பெண்ணின் கை எதற்காக நோகிறது என்பதும் நம் விஷயம் இல்லையென்றால் வேறு எதுதான் நம் விஷயம்? ஆகவே அன்று அவசரத்தில் சொல்லாத பதிலை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

ஆட்டுக்கல்லுக்கு வக்காலத்து

முதலில் ஆட்டுக்கல்லின் பெருமையைப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்துக்கு வேண்டிய இட்லி மாவை ஆட்டுக்கல்லில் ஆட்ட ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு கை குழவியைச் சுற்ற வேண்டும். மறு கை மாவைத் தள்ளிவிட வேண்டும். முதுகு வளைய வேண்டும். பகலெல்லாம் ஆலையில் நின்ற பெண் இரவில் தரையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தாள். அந்த ருசியைப் புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர்களே. கல்லின் முன்னால் உட்கார்ந்தவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அன்றைய பண்ணையார் வீட்டிலும் ஆட்டுக்கல் இருந்தது. அதைப் பண்ணையாரா சுற்றினார்? அவருக்கு மாவரைக்கும் இயந்திரம் தேவைப்படவில்லை. மலிவான மனிதக் கை அவரிடம் இருந்தது. அடுத்தவர் கையை இயந்திரமாக வைத்திருந்தவர்களின் பழம்பெருமையை உழைப்பாளியும் சேர்ந்து பாடுவானேன்?

இந்தப் பிரச்னையைப் பற்றி மார்க்சியத்துக்குத் தெளிவான கருத்து உண்டு. பெண்ணைப் பொது உற்பத்தியிலிருந்து விலக்கி வீட்டு வேலைக்குள் அடைத்துவைத்திருக்கும் வரை ஆணுக்குப் பெண் சமம் ஆக முடியாது என்று ஏங்கெல்ஸ் 1884-ல் குடும்பத்தைப் பற்றி எழுதிய நூலில் காட்டினார். சட்டத்தில் சமத்துவம் தந்த பிறகும், அடுப்பங்கரையின் சில்லறை வேலைகள் பெண்ணை நசுக்கிக்கொண்டே இருக்கின்றன என்று லெனின் 1919-ல் எழுதினார். பொது உணவு விடுதிகளையும் குழந்தைக் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் இளந்தளிர்கள் என்று அவர் மதித்தார். கையை நோகவைப்பது கலாசாரம் என்று இவர்களில் யாரும் சொல்லவில்லை.

1959 ஜூலை 24-ல் மாஸ்கோவில் அமெரிக்கப் பொருட்காட்சி நடந்தபோது, மாதிரிச் சமையலறை ஒன்றின் முன்னால் நின்று நிக்சனும் குருஷ்சேவும் வாதிட்டார்கள். துணி துவைக்கும் இயந்திரத்தைக் காட்டி, எங்கள் பெண்களுக்கு இது சௌகரியம் என்றார் நிக்சன். பெண்களைப் பற்றிய உங்கள் முதலாளித்துவ மனோபாவம் எங்களிடம் இல்லை என்றார் குருஷ்சேவ். சாப்பாட்டை வாயில் ஊட்டிவிடவும் இயந்திரம் வைத்திருக்கிறீர்களா என்று கேலியும் செய்தார். கேலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாதிட்ட இருவரும் ஆண்கள். அந்தச் சமையலறையில் நிற்கவேண்டியவள் அன்று பேசவில்லை. பேசியிருந்தால் இயந்திரத்தையும் கேட்டிருப்பாள், அதை இயக்க இன்னொரு கையையும் கேட்டிருப்பாள்.

நம் கோவைத் தொழிலாளிக்கு இதில் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. 1955-ல் பி. சபாபதி என்பவர் மாவாட்டும் வெட் கிரைண்டரை உருவாக்கியது இந்த ஊரில்தான். பிறகு நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளில் நம் கடைசல்காரர்களும் வார்ப்படத் தொழிலாளிகளும் அதைச் செய்து நாடெங்கும் அனுப்பினார்கள். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் செய்தது ஆடம்பரச் சாமான் அல்ல. கோடிக்கணக்கான பெண்களின் தோள்வலியைக் குறைத்த சாமான்.

ஆகவே மிக்ஸி வேண்டுமா என்பதில் சந்தேகமே வேண்டாம். உழைப்பாளி வீட்டில் மிக்ஸி அவசியம். எந்த மிக்ஸி, என்ன விலைக்கு, எப்படி வாங்குவது என்பதுதான் கேள்வி.

வாட்ஸ் என்னும் மாயை

நோட்டீசில் மிகப் பெரிய எழுத்தில் இருந்தது 1000 என்ற எண். 500-ஐவிட 750 உசத்தி, 750-ஐவிட 1000 உசத்தி என்று ஜனங்கள் நினைக்கவேண்டும் என்பதற்காகத்தான் அப்படி அச்சடிக்கிறார்கள். இது உண்மையா?

பம்பு பட்டறைத் தோழருக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 746 வாட்ஸ் ஒரு குதிரை சக்தி. பம்புசெட்டில் ஒரு குதிரை சக்தி மோட்டார் என்றால் மோட்டாரிலிருந்து வெளியே வரும் சக்தியைக் குறிக்கும். மிக்ஸியின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸ், உள்ளே இழுக்கும் மின்சாரத்தைக் குறிக்கும். அதில் ஒரு பகுதி சூடாகப் போகிறது. ஒரு பகுதி சத்தமாகப் போகிறது. எஞ்சியதுதான் பிளேடுக்கு வருகிறது. பிளேடு மழுங்கியிருந்தால், ஜாரின் வடிவம் சரியில்லாமலிருந்தால், ஆயிரம் வாட்ஸ் இழுத்தும் தேங்காய் திப்பியாகத்தான் நிற்கும்.

மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். பம்பு மோட்டார் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுக்குள் ஓடும். இது சுமையில்லாதபோது பதினெட்டாயிரம், இருபதாயிரம் என்று சுற்றும். அதனால்தான் அந்தக் கூச்சல். சிறிய உடம்புக்குள் பெரிய வேகம். ஆகவே விட்டுவிட்டுத்தான் ஓட்டவேண்டும். பெட்டியில் சிறிய எழுத்தில் 30 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். சில நிமிடம் ஓட்டி, சற்று நிறுத்தி, மறுபடி ஓட்டும் கணக்கு அது. கொட்டை எழுத்தை எல்லோரும் படிக்கிறார்கள். பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை.

இந்த இயந்திரத்தின் சரித்திரமே ஒரு பாடம். 1960-களின் ஆரம்பத்தில் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற எஞ்சினீயரின் வீட்டில் ஜெர்மன் மிக்ஸி ஒன்று கெட்டுப்போனது. அதைப் பழுதுபார்க்க இந்தியாவில் வழியில்லை. அவர் மனைவி மாதுரி, நம் சமையலுக்குத் தாங்கும் இயந்திரத்தை நீங்களே செய்யுங்களேன் என்றார். அப்படிப் பிறந்ததுதான் சுமீத் மிக்ஸி. பாலையும் பழத்தையும் அடிப்பதற்கென்று செய்த இயந்திரம் ஊறவைத்த உளுந்துக்கும் தேங்காய்க்கும் காய்ந்த மஞ்சளுக்கும் ஈடுகொடுக்கவில்லை. உயர்ந்தது எது என்பதை விலை தீர்மானிக்கவில்லை, அது செய்யவேண்டிய வேலை தீர்மானித்தது.

இன்றும் அப்படியே. ஐஸ் கட்டியையும் உறைந்த பழத்தையும் கூழாக்கும் அமெரிக்க பிளெண்டர்கள் பல பத்தாயிரம் ரூபாய்க்கு இங்கே விற்கின்றன. பழரசக் கடைக்காரருக்கு அதனால் பிரயோஜனம் இருக்கலாம். ஒரு பிடி தேங்காய், இரண்டு மிளகாய், துளி புளி அரைக்கும் வீட்டுக்கு அதனால் என்ன பயன்? அந்தப் பெரிய ஜாரில் ஒரு பிடி சட்னி போட்டால் சுவரில்தான் ஒட்டிக்கொள்ளும்.

நம் வீட்டில் அரைவது என்ன என்று கணக்குப் பார்ப்போம். தினமும் சட்னி, குழம்புக்குத் தேங்காய், ரசத்துக்கு மிளகு சீரகம். இவற்றுக்கு 500 அல்லது 550 வாட்ஸ் போதும். வீட்டில் கிரைண்டர் இல்லை, இட்லி மாவையும் மிக்ஸியில்தான் அரைக்கவேண்டும் என்றால் 750 வேண்டும். அப்போதும் மாவு சூடேறும். குளிர்ந்த தண்ணீர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைக்கவேண்டும். கல் கிரைண்டர் மெதுவாகச் சுற்றுவதால்தான் அதில் மாவு சூடேறுவதில்லை. மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றை மொத்தமாக அரைக்க ஊருக்கு ஊர் மாவு மில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலைக்காக வீட்டுக்குள்ளே ஆயிரம் வாட்ஸ் மோட்டாரை வைத்துக்கொள்வது, வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போக லாரி வாங்குவது போன்றது.

மின்சாரச் செலவைச் சொல்லிப் பயமுறுத்தவும் நான் விரும்பவில்லை. 750 வாட்ஸ் மிக்ஸி தினம் கால் மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஐந்தரை யூனிட் சுமார். ஆயிரம் வாட்ஸ் ஓடினால் ஏழரை யூனிட். வித்தியாசம் சொற்பம். உண்மையான வித்தியாசம் விலையில் இருக்கிறது.

வட்டியில்லாத் தவணை

விலையை ரூபாயில் பார்த்தால் போதாது. ஷிப்டில் பார்க்கவேண்டும். 9,600 ரூபாய் என்பது அந்தப் பஞ்சாலைப் பெண்ணின் இருபது ஷிப்டு. அதே கடையில் 750 வாட்ஸ் மிக்ஸி ஒன்று ரொக்கத்துக்கு 4,200 ரூபாய் என்று தோழர் விசாரித்து வந்து சொன்னார். அது ஒன்பது ஷிப்டுக்குள் அடங்கும். வித்தியாசம் பதினோரு ஷிப்டுக்கு மேல். பதினோரு நாள் பஞ்சுத்தூசியில் நின்று சம்பாதிப்பதை 250 வாட்ஸுக்காகக் கொடுக்கவேண்டுமா?

"மொத்தமாகக் கொடுக்கவில்லையே, வட்டியில்லாத் தவணைதானே?" என்று கேட்கலாம். இங்கேதான் கண்ணி இருக்கிறது.

அதே மிக்ஸியை ரொக்கம் கொடுத்து வாங்கினால் என்ன விலை என்று தோழரைக் கேட்டுவரச் சொன்னேன். 8,900 ரூபாய் என்றார்கள். தவணைக்குப் போனால் 9,600. அதோடு டாக்குமெண்டு சார்ஜ் என்று முன்னதாகவே 250. ஆக 950 ரூபாய் அதிகம். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், வருஷம் முழுவதும் சராசரியாக நம் கையில் நிற்கும் கடன் ஐயாயிரத்துக்கும் குறைவு. அதற்கு 950 ரூபாய் என்றால் வருஷ வட்டி ஏறத்தாழ நூற்றுக்கு இருபது! இதற்குத்தான் வட்டியில்லாக் கடன் என்று பெயர்.

இது நான் மட்டும் சொல்லும் குற்றச்சாட்டு அல்ல. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்று உலகத்தில் கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை அனுப்பி வங்கிகளை எச்சரித்தது. தள்ளுபடியை மறைப்பதும், கட்டணம் என்ற பெயரில் வசூலிப்பதும் வட்டியே என்பதுதான் அதன் சாரம். பெயரை மாற்றி வியாபாரம் இன்றும் நடக்கிறது.

தவணையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தேதி வந்ததும் பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படும். ஆலையில் கூலி நாலு நாள் தாமதமானால், கணக்கில் பணம் இல்லையென்று வங்கி ஒரு அபராதம் போடும். கடன் கொடுத்தவன் ஒரு அபராதம் போடுவான். கூலி தாமதமானதற்கு முதலாளி கணக்கிலிருந்து தானாக அபராதம் எடுக்கப்படுவதில்லை. தவணை தாமதமானதற்குத் தொழிலாளிக்கு இரண்டு அபராதம்! அந்தக் காலத்துக் கந்துவட்டிக்காரன் சனிக்கிழமை ஆலை வாசலில் நின்றான். இன்று நிற்கவேண்டிய அவசியமே இல்லை. நம் கணக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். ஓவர்டைம் பார்க்கமாட்டேன் என்று சொல்லவும், வேலைநிறுத்த ஓட்டெடுப்பில் கையைத் தூக்கவும், தவணைக்காரன் தயங்குவதை யூனியனில் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

லாபம் எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் பிறந்த மிக்ஸி கம்பெனிகள் இன்று யார் கையில்? சென்னையில் வளர்ந்த ப்ரீத்தி கம்பெனியை 2011-ல் பிலிப்ஸ் என்ற பன்னாட்டுக் கம்பெனி வாங்கியது. 2021-ல் பிலிப்ஸ் தன் வீட்டுச் சாதனத் தொழிலையே ஹில்ஹவுஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பட்டர்ஃபிளை கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை 2022-ல் கிராம்ப்டன் கம்பெனி எடுத்துக்கொண்டது. சிறியதைப் பெரியது விழுங்கும், பெரியதை நிதி மூலதனம் விழுங்கும் என்று நாம் வகுப்புகளில் படிக்கிறோமே, அது அடுப்பங்கரை மேடைமேலேயே நடக்கிறது.

மறுபக்கம் நம் கோவைப் பட்டறைகளின் நிலைமை என்ன? வெட் கிரைண்டருக்கு 5 சதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரியை 2022 ஜூலையில் ஒரே அடியாக 18 சதமாக உயர்த்தினார்கள். பெண்ணின் வேலையைக் குறைக்கும் சாமானுக்கும், சிறு பட்டறையின் வயிற்றுக்கும் ஒரே உத்தரவில் அடி!

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 முதல் சர்க்கார் ரேஷன் கார்டுதாரர்களுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. இதைக் கேலி செய்தவர்கள் பலர். சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்குப் போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5-ல் தீர்ப்பு வந்தது. 2022 ஜூலையில் பிரதமர் மோடி இலவசங்களை மிட்டாய்க் கலாசாரம் என்று சாடினார். அதே சர்க்கார்தான் 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதத்திலிருந்து 22 சதமாகக் குறைத்தது. அதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அப்போது சர்க்காரே மதிப்பிட்டது. முதலாளிக்குக் கொடுத்தால் ஊக்கம், உழைப்பாளிப் பெண்ணுக்கு ஒரு மிக்ஸி கொடுத்தால் மிட்டாய்!

இலவச மிக்ஸி கூலி உயர்வுக்கு ஈடாகாது என்பதை நாம் அறிவோம். நியாயமான கூலி இருந்தால் தொழிலாளி தன் மிக்ஸியைத் தானே வாங்கிக்கொள்வான். ஆனால் ஆட்டுக்கல்லிலிருந்து எழுந்த பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறவனோடு நாம் சேர்ந்து சிரிக்கமுடியாது.

மிச்சமான நேரம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது, கியாஸ் அடுப்பு வந்தது. மிச்சமான நேரம் எங்கே?

தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கு எடுத்தது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அப்படி ஈடுபட்ட பெண் ஒரு நாளில் 299 நிமிஷம் உழைத்தாள். ஆண் 97 நிமிஷம். மறுபடி 2024-ல் எடுத்தார்கள். பெண்ணின் கணக்கு 289 நிமிஷம். ஆணின் கணக்கு 88. ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது. ஏற்கெனவே குறைவாகச் செய்த ஆணும் ஒன்பது நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டான்!

இயந்திரம் வந்ததும் எதிர்பார்ப்பும் கூடிவிடுகிறது. ஒரு சட்னி இரண்டு சட்னி ஆகிறது. "மிக்ஸிதான் இருக்கிறதே, பட்டனைத் தட்டினால் ஆயிற்று" என்று ஆண் சொல்கிறான். பட்டனைத் தட்டுவது மட்டும் அவன் கையால் ஆகாது போலும்.

மீதி நேரத்தைப் பிடுங்க முதலாளி காத்திருக்கிறான். 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்ததால் மே தினத்தன்று அது வாபஸாயிற்று. அது வாபஸாகாமல் இருந்திருந்தால், மிக்ஸி மிச்சம்பிடித்துக் கொடுத்த அரை மணி நேரத்தை ஆலை எட்டு மடங்காகத் திருப்பி எடுத்திருக்கும். மத்திய சர்க்காரின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தன. எட்டு மணி நேர உரிமையைக் காப்பாற்றத் தெரியாவிட்டால், எத்தனை வாட்ஸ் மிக்ஸி வாங்கினாலும் உழைப்பாளிப் பெண்ணுக்கு ஓய்வு கிடைக்காது.

உண்மையில் நம் நாட்டில் பெண்களின் சமையல் சுமையைப் பெரிய அளவில் குறைத்த இயந்திரம் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. 1956-ல் காமராஜர் காலத்தில் தொடங்கி, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவடைந்த சத்துணவுக் கூடம்தான் அது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் அதனோடு சேர்ந்தது. காலை ஷிப்டுக்கு ஓடும் தாய்க்கு அதன் அருமை தெரியும். லெனின் சொன்ன இளந்தளிரின் ஒரு சாயல் இதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தளிருக்குத் தண்ணீர் ஊற்றும் சத்துணவு ஊழியர்களோ காலமுறை ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஆண்டுக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமைத்தவள் முதுமையில் தன் சோற்றுக்கு அஞ்சவேண்டுமா?

நமது முடிவு

கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

மிக்ஸி வாங்குங்கள். அது ஆடம்பரம் அல்ல. ஆனால் பழையதைத் திறந்து பார்க்காமல் புதியது வாங்காதீர்கள். வாங்குவதானால் உங்கள் வீட்டில் அரையும் பொருளுக்குத் தக்கபடி 500-க்கும் 750-க்கும் இடையில் வாங்குங்கள். பக்கத்தில் பழுதுபார்ப்பவர் இருக்கிறாரா, கப்ளரும் பிரஷ்ஷும் பிளேடும் உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். மிக்ஸியின் ஆயுள் வாட்ஸில் இல்லை, இந்தச் சில்லறைச் சாமான்களில் இருக்கிறது. ரொக்கத்துக்கு வாங்குங்கள். போனஸ் வரும் வரையில் பொறுக்கலாம். முடியாவிட்டால் தொழிலாளர் கூட்டுறவுச் சிக்கன சங்கத்தில் கடன் கேளுங்கள். ஆயிரம் வாட்ஸ் வேண்டாம். மசாலாப்பொடி செய்து விற்பதோ, இட்லிக் கடை வைப்பதோ உங்கள் பிழைப்பு என்றால் வீட்டு மிக்ஸி எதுவும் அதற்குத் தாங்காது. தொழிலுக்கென்று செய்த இயந்திரத்தைப் பத்துப் பெண்கள் சேர்ந்து குழுவாக வாங்குங்கள்.

நான் இதைச் சொன்னபோது தோழர் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். ஆறு மாதமாக மிக்ஸி ஓடவில்லை என்று மனைவி பலதடவை சொல்லியிருக்கிறார். தினமும் பட்டறையில் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிற இவர், வீட்டு மோட்டாரை ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. அது அடுப்பங்கரைச் சாமான், தன் இலாகா அல்ல என்று இருந்துவிட்டார். மறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கழற்றினார். கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து கம்பி தெரிந்தது. ஜாருக்குக் கீழே கப்ளரின் பல் போயிருந்தது. இரண்டையும் மாற்ற இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. 2012-ல் சர்க்கார் கொடுத்த மிக்ஸி மறுபடி ஓடுகிறது.

"மிக்ஸியைச் சரிபண்ணிட்டேனுங்க" என்று பெருமையோடு வந்து சொன்னார்.

"சட்னி யாருங்க அரைச்சது?" என்று மாதர் சங்கத் தோழர் கேட்டார்.

தோழர் தலையைச் சொறிந்தார். அடுத்த வாரம் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை சட்னி தன் பொறுப்பு என்றார். வாரத்தில் ஒரு நாள் என்பது பெரிய புரட்சி அல்ல. ஆனாலும் ஆரம்பம்.

தோழர்களே! கூலியில்லா உழைப்பை ஆலையில் எதிர்க்கும் நாம், அதே உழைப்பை வீட்டில் அனுபவித்துக்கொண்டிருக்க முடியாது. எட்டு மணி நேர வேலை, நியாயமான கூலி, ஒவ்வொரு பகுதியிலும் குழந்தைக் காப்பகம், சத்துணவு ஊழியருக்குக் காலமுறை ஊதியம் ஆகிய கோரிக்கைகளை யூனியனும் மாதர் சங்கமும் சேர்ந்து எழுப்பவேண்டும். அவற்றுக்காக ஊர்வலம் போகும் அன்று காலையில், வீட்டில் சட்னியை யார் அரைப்பது என்பதையும் நாமே தீர்த்துவைத்துவிட்டுப் போவோம். அப்போதுதான் ஊர்வலத்தில் பெண்களும் நேரத்துக்கு வந்து சேர்வார்கள்.